சார் எழுதிய கடிதம்

நானும் என் தோழியும் ஒரே வகுப்பு, ஏறக்குறைய ஒரே மதிப்பெண். ஆங்கில இலக்கியத்தில் பிஎச்.டி. செய்ய வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் சேர்ந்தே விண்ணப்பித்தோம். அவளுக்கு இடம் கிடைத்தது. எனக்கு எல்லா இடத்திலிருந்தும் 'வருந்துகிறோம்' வந்தது. கடைசி மெயிலைப் படித்துவிட்டு, போய்த் துணி காயப்போட்டேன்.

"எல்லாம் சாரோட சிபாரிசுக் கடிதம்தான்டி," என்றாள் தோழி. "இன்டர்வியூல ஒரு வரி வாசிச்சுக் காட்டினாங்க. 'இவள் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டால், நான் வீட்டுக்குப் போய்ப் பாடத்தை மறுபடி படிப்பேன்'னு எழுதியிருக்கார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. உனக்கும் அவர்தானே குடுத்தார்?"

"ம்."

மறுநாள் சாரின் அறைக்குப் போனேன். விடைத்தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அடுத்த வருஷமும் அப்ளை பண்றேன் சார்."

"பண்ணும்மா. ஆனா உன் லெட்டர் சப்புன்னு இருந்துச்சு. 'ஒழுங்காக வருவார், நேரத்துக்கு முடிப்பார்'. இதைப் பார்த்து யாரு சீட் குடுப்பாங்க? அவளோடது என்னமா இருந்துச்சு."

எனக்குக் கோபம்கூட வரவில்லை.

"இந்தத் தடவை கூச்சப்படாம எழுது. அவ அக்கா கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப, அவளுக்கும் சேர்த்து நீதானே எழுதிக் குடுத்தே? நானே எழுதினதாத்தான் அவ நினைச்சுட்டிருக்கா. அதே மாதிரி உனக்கும் எழுதிட்டு வா. எப்பவும்போல கையெழுத்து போட்டுடறேன்."

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். 'இந்த மாணவியை எனக்கு நன்றாகத் தெரியும்' என்று தட்டினேன்.

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.