வீட்டுக்கு ஒன்று

"பேசாம குத்தத்தை ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டிட்டு வா, ஹாலிஸ். கோர்ட்டுல போய் எதுக்கு நிக்கணும்?"

மனைவி வெர்லின் இதைக் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். ஹாலிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. தள்ளுபடிச் சீட்டு இல்லாமல் சோப்புகூட வாங்காதவள், அபராதம் கட்டச் சொல்கிறாளே!

"கொஞ்சம் வேகமாப் போனது தப்புதான். ஆனா ஒத்துக்கிட்டா இன்சூரன்ஸ் எகிறிடும். அப்புறம் என் டிரக்கை வித்துத்தான் ஆகணும். நீதிபதி தீர்ப்பைத் தள்ளி வெச்சா, கொஞ்ச நாள் ஒழுங்கா ஓட்டிக் காட்டினாப் போதும், இன்சூரன்ஸ் ஏறாது. நம்ம வட கரோலினாவுல எல்லாரும் கேக்குறதுதானே?"

"வித்தா வித்துட்டுப் போ. சனியன் ஒழிஞ்சுது."

ஹாலிஸ் அவளை முறைத்தான். அவனே எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய வண்டி அது. வெர்லினைக்கூடத் தொட விட்டதில்லை.

வேண்டாம் வேண்டாம் என்றவள், கோர்ட்டுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டே வந்தாள். அதுவும் புரியவில்லை.

நீதிபதி டில்லரி அம்மையார் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"தீர்ப்பைத் தள்ளி வைக்கிறேன். ஆனா இன்சூரன்ஸ்காரங்க மூணு வருஷத்துல வீட்டுக்கு ஒரு தடவைதான் இந்தச் சலுகையை ஏத்துப்பாங்க. உங்க வீட்டுல வேற யாராவது வாங்கியிருக்காங்களா?"

"வீட்டுல நானும் அவளும்தாங்க. அவ ஓட்டினா டிராக்டர்காரன் ஹாரன் அடிச்சுட்டு முந்திப் போவான்! நான் ஓட்டினாலும் 'மெதுவா, மெதுவா'ன்னு உயிரை எடுப்பா."

அரசு வக்கீல் வாயைப் பொத்திக்கொண்டார். எழுத்தர் மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடினாள். ஹாலிஸ் திருதிருவென்று விழித்தான். அப்படி என்ன சொல்லிவிட்டோம்?

"வெர்லின், நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார் நீதிபதி.

பின் பெஞ்சிலிருந்து வெர்லின் மெதுவாக எழுந்தாள். முகம் தக்காளியாய்ச் சிவந்திருந்தது.

"போன வருஷம் நீ மீன் பிடிக்கப் போயிருந்தப்போ, ஹாலிஸ்... நெடுஞ்சாலையில... மணிக்குத் தொண்ணூத்திரண்டு மைல் வேகம். நம்ம வீட்டுச் சலுகையை நான் அப்பவே வாங்கிட்டேன்."

"பொய் சொல்லாதே! நம்ம காரு தள்ளிவிட்டாக்கூட அவ்வளவு வேகம் போகாதே?"

"காரு போகாதுதான்," என்றாள் வெர்லின். "உன் டிரக்கு போச்சு."