ஏழாம் நம்பர் பீப்பாய்

ஆணியைப் பிடுங்கினாள்.

பீப்பாயின் முகப்பலகையில் இருந்த சின்ன ஓட்டையிலிருந்து நூலாகப் பீய்ச்சிக்கொண்டு வந்தது பீர். கோப்பையைச் சாய்த்துப் பிடித்தாள். நாலு விரற்கடை நிறைந்ததும் ஆணியைத் திரும்பச் செருகினாள். புறங்கையில் இரண்டு சொட்டு தெறித்தது.

ஜன்னல் வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

என்ன நிறம்! அசல் மலைத்தேன்.

ஒன்பது மாதம் ஊறியிருக்கிறது. "இந்நேரம் ஒரு புள்ளையே பெத்திருக்கலாம்" என்று அமலோற்பவம் அக்கா கிண்டல் செய்வாள். பீப்பாய்களைக் கழுவி அடுக்குகிறவள் அக்காதான்.

பண்ணை ஏல். சீமையில் அறுப்புக்கு வந்த ஆட்களுக்கென்று பண்ணைகளில் காய்ச்சிய பீர். புதுச்சேரியின் இந்தச் சின்னப் பீர்க்கூடத்தில் அதைக் காய்ச்சி, பழைய ஒயின் பீப்பாயில் ஊறப்போட்டே தீருவேன் என்று நின்றது அவள்தான். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு சம்மதித்தார். பதினொரு மணிக்கு ருசி பார்க்க வருகிறார்.

மணி பத்தரை.

இன்றுதான் முதல் தடவை திறக்கிறாள். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள்.

எலுமிச்சைத் தோல். கொஞ்சம் மிளகு. பழுத்த கொய்யா.

அடேயப்பா, கொய்யா! தனியாக நின்று சிரித்தாள்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்து, புகை.

சிரிப்பு நின்றது.

புகையா?

புகையூட்டிய தானியம் ஒரு பிடிகூட இதில் சேரவில்லை. காய்ச்சியவள் அவள். அவளுக்குத் தெரியாதா?

போன ஐப்பசியில் வந்த காய்ச்சல் அவள் மூக்கைக் கெடுத்துவிட்டுப் போனது. காபியில் கருகல். சோப்பில் கருகல். தலையில் வைத்த மல்லிப்பூவிலும் கருகல். நாலு மாதம் அப்படி. அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. மூக்கு போனவளுக்கு பீர்க்கூடத்தில் என்ன வேலை?

மூன்று வாரமாகத்தான் மல்லிப்பூ மல்லிப்பூவாக மணக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் இன்று ஆணியைத் தொட்டாள்.

ஒரு வாய் குடித்தாள்.

நாக்கில் புளிப்பு. ஓக் மரத்தின் லேசான துவர்ப்பு. விழுங்கிய பிறகு தொண்டையோரத்தில் மறுபடியும் அதே புகை, மெல்லிசாக, இதமாக.

நன்றாக இருந்தது. சத்தியமாக, இதுவரை காய்ச்சியதிலேயே இதுதான் நன்றாக இருந்தது. ஆனால் அந்தப் புகை கோப்பையில் இருக்கிறதா, மறுபடி அவள் மூக்கில் இருக்கிறதா?

"அக்கா! இங்க வாங்களேன்."

ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி அக்கா வந்தாள்.

"நான் குடிக்க மாட்டேன் மேடம். தவக்காலம்."

"மோந்தா போதும். புகை வாசம் வருதா, சொல்லுங்க."

அக்கா மோந்தாள். அவள் கண் ஒரு நொடி பீப்பாய் பக்கம் போய்த் திரும்பியது.

"ஒண்ணும் தெரியலையே மேடம்."

அவ்வளவுதான்.

கவிழ்த்திருந்த வாளிமேல் உட்கார்ந்தாள். பதினொரு வருடம். இந்த ஒரு மூக்கை நம்பித்தான்.

"அப்ப மறுபடியும் போச்சுக்கா. சார் வரட்டும். உண்மையைச் சொல்லிட்டு வேலைய விட்டுடறேன். இன்னும் எத்தன நாளைக்கு ஏமாத்துறது?"

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"ஐயோ, மாதாவே. உங்க மூக்குக்கு ஒண்ணும் இல்ல மேடம்."

"என்ன?"

"புகை இருக்குது. நான்தான் போட்டேன்."

அப்புறம் அழுதபடியே அக்கா நிறுத்தாமல் சொன்னாள். பீப்பாய் வந்த அன்று எத்தனை வெந்நீர் ஊற்றியும் உள்ளே ஒரே புளித்த வாடையாம். "எங்க வீட்ல மோர்ப்பானையக் கழுவினா, கொட்டாங்குச்சி கங்குமேல கவுத்துப் புகை காட்டுவோம். அப்பதான் வாடை போவும். இதுவும் பானைதானேன்னு..." நாலு செங்கல் அடுக்கி, பீப்பாயை அதன்மேல் உருட்டி, அடைப்பு வாயைக் கீழே திருப்பி, சட்டியில் கங்கு வைத்திருக்கிறாள். பீர் நிரப்புவதற்கு முந்தின நாள். யாரும் பார்க்கவில்லை.

"ஒம்பது மாசமா திக்கு திக்குன்னு இருக்குது. பீரு கெட்டுப்போச்சுன்னா வேலைய விட்டு அனுப்பிடுவீங்கன்னுதான் இப்பவும் பொய் சொன்னேன். என்னைய நிறுத்திடுங்க மேடம். நீங்க போவாதீங்க."

அவள் எழுந்து கோப்பையை எடுத்து மறுபடி மோந்தாள்.

எலுமிச்சை. மிளகு. கொய்யா.

புகை.

இருந்தது. கோப்பைக்குள்தான் இருந்தது.

"ஐயோ அக்கா!"

பாய்ந்து கட்டிக்கொண்டாள். அக்கா தடுமாறி ஆறாம் நம்பர் பீப்பாயில் சாய்ந்தாள். ஈரச்சேலை முகத்தில் பட்டது. சோப்பு மணம். சோப்பு! இன்னொரு தடவை இழுத்து மோந்தாள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. கதவு சாத்துகிற சத்தம்.

அக்கா முந்தானையால் அவசர அவசரமாகக் கண்ணைத் துடைத்தாள்.

அக்காவை விட்டு நகர்ந்து, பீப்பாயில் தொங்கிய செய்முறை அட்டையை அவள் கழற்றினாள். தண்ணீர், பார்லி, ஈஸ்ட், நாள், வெப்பம், எல்லாம் அவள் கையெழுத்து. அடியில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

"அழுகைய நிறுத்திட்டுச் சொல்லுங்க. எத்தன கொட்டாங்குச்சி?"