மன்னார்ப் பக்கத்து அன்ரி

"அன்ரி, நீங்கள் தமிழோ?"

காசுப் பெட்டிக்குப் பின்னால் நின்ற கடைக்காரன் கேட்டதும், கையிலிருந்த மேப்பிள் பாணிப் போத்தலை றோசலின் மெல்லத் தட்டில் வைத்தாள்.

"ஓம் தம்பி."

"அயர்லாந்துச் சுற்றுலாக்காரரின்ர பஸ்ஸில வந்த ஆக்களோட நிண்டீங்கள். ஆனா முகம் எங்கட முகமாய்க் கிடக்கு. அதுதான் கேட்டனான்."

"அந்த பஸ்ஸிலதான் வந்தனான். இருக்கிறதும் அயர்லாந்திலதான்."

காலையில் மலைமேல் சூசையப்பர் கோயிலையும், பிறகு நோத்ர டாம் கோயிலையும் சுற்றிக் காட்டிவிட்டு, சாமான் வாங்குவதற்காகப் பழைய மொன்றியலில் இறக்கிவிட்டிருந்தார்கள். மற்றவர்கள் சோடி சோடியாகச் சிரித்துக்கொண்டு போனார்கள். பயணம் தொடங்கிய நாளிலிருந்து றோசலினின் பக்கத்து இருக்கையில் அவளுடைய குடைதான் இருந்தது. தெருவில் எத்தனையோ கடைகள். எதற்குள்ளும் நுழையாமல், பெயர்ப் பலகைகளைக் கைப்பையிலிருந்த ஒரு துண்டுக் கடதாசியோடு ஒப்பிட்டு வாசித்துக்கொண்டே வந்தவள், இந்தக் கடை வாசலில்தான் நின்றாள்.

"நான் விமலநாதன். கடை எங்கடதான்" என்றான் அவன். "அங்கை தமிழாக்கள் இருக்கினமோ?"

"என்ர ஊரில நான் ஒருத்திதான். தமிழ் கதைச்சே கனகாலம்."

"அப்ப அங்கிள்?"

"அவர் வெள்ளைக்காரர். போன வருசம் தவறிட்டார்."

"பிள்ளையள்?"

"ஒரு மகள். தூரத்தில."

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினான். பனிக்குள் இரண்டு குழந்தைகள், தொப்பி கண்ணை மறைக்கச் சிரித்துக்கொண்டு நின்றன.

"என்ர ரெண்டும்தான். சின்னவன் கார்டெரிக்கு, பிள்ளையளைப் பகலில பாக்கிற இடத்துக்கு, போறான். வீட்டிலையும் பிரெஞ்சுதான். தாய் தமிழில கேட்டா அவர் பிரெஞ்சில மறுமொழி சொல்லுவார்."

றோசலின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின் கிட்டப் போனாள்.

"நீங்கள் ஊரில எவடம் அன்ரி?"

"மன்னார்."

"அட! என்ர மனுசியும் மன்னார்தான்!" அவன் முகம் மலர்ந்தது. "ஊராக்களைக் கண்டா விடமாட்டா. பாவம், அவவுக்கு எண்டு ஒருத்தரும் இல்லை. பத்து வயசிலேயே தாய் செத்துப்போனா. வருசா வருசம் கார்த்திகையில மாமிக்குப் பூசை குடுக்கிறம். நான் மறந்தாலும் சஜிதா மறக்கமாட்டா."

"பூசையோ?" றோசலின் தட்டிலிருந்த போத்தலை மறுபடி கையில் எடுத்தாள். "நல்ல பிள்ளை."

"நில்லுங்கோ, ஒருக்கால் அவவோட கதையுங்கோ. சந்தோசப்படுவா."

"ஐயோ, வேண்டாம் தம்பி. பஸ் வெளிக்கிட்டிடும்."

அவன் கேட்கவில்லை. அதற்குள் எண்களை அழுத்திவிட்டான். "சஜி, கடைக்கு உங்கட ஊர் அன்ரி ஒராள் வந்து நிக்கிறா. இந்தா, கதை" என்று ரிசீவரை நீட்டினான்.

றோசலின் அதை இரண்டு கைகளாலும் வாங்கினாள்.

"வணக்கம் அன்ரி!" உற்சாகமான குரல். "மன்னாரில எந்தப் பக்கம்?"

றோசலின் ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். "பேசாலைப் பக்கம், பிள்ளை. நீ... சுகமாய் இருக்கிறியோ?"

மறுபக்கம் தூரத்தில் ஒரு குழந்தை பிரெஞ்சில் எதையோ கேட்டு அடம்பிடிப்பது மட்டும் கேட்டது. கதவு ஒன்று சாத்தப்பட்டது. அந்தச் சத்தமும் நின்றது.

விமலநாதன் போத்தலைப் பையில் போட்டபடி, "கதைக்கிறாவோ?" என்று சைகையால் கேட்டான். றோசலின் சிரிப்பது போலத் தலையாட்டினாள்.

"அம்மா..." குரல் இப்போது மிகவும் தணிந்திருந்தது. "நீங்கள் செத்துப்போனீங்கள் எண்டுதான் அவருக்குச் சொல்லி வச்சிருக்கிறன். ஒண்டும் சொல்லாமல் போயிடுங்கோ."