கை நீட்டினால் ஸ்பேனர்

கண்டுபிடிப்பது தேவி; பேர் வாங்குவது அவள் புருஷன் பூபாலன். இந்த அநியாயம் விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், பட்டப்பகலில், அத்தனை பேர் கண் எதிரே நடக்கிறது. ஒருத்தரும் கேட்பதில்லை.

பிரபா கேட்டாள்.

பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்கிறவள். லீவுக்கு வந்த இடத்தில் அப்பா கோதண்டபாணியோடு அந்தப் பட்டறைக்குப் போயிருந்தாள். திட்டக்குடிப் பக்கம் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தார் அப்பா. மீன் ஏற்றும் படகின் மோட்டார் மக்கர் பண்ணியது.

"ஸ்டார்ட்டெல்லாம் ஆவுது பூபாலா. லோடு ஏத்திட்டு முறுக்குனா இழுக்க மாட்டேங்குது. கரையில நடந்து போறவன் நம்மள முந்திட்டுப் போறான்!"

பூபாலன் வாயைத் திறக்கவில்லை. பெரிய மனுஷன் மாதிரி மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தான். கேள்வி கேட்டதெல்லாம் தேவிதான்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்குமா மொதலாளி?"

"புதுசா ஊத்தியாச்சு."

"கார்பரேட்டரு?"

"கழுவியாச்சும்மா. அடியில சுத்துற விசிறியில பாசி மாட்டியிருக்கான்னும் பாத்தாச்சு."

பிரபா அப்பாவின் பக்கம் சாய்ந்தாள். "ஏம்ப்பா, இவரு பேசவே மாட்டாரா?"

"வேலைன்னு எறங்கிட்டா அவன் அப்படித்தான். முந்தி பழமலைகிட்ட குடுத்துக்கிட்டிருந்தோம். அவருக்குக் கண்ணு மங்கிப்போச்சுன்னாங்க. அப்புறம் யாரு போவா? பட்டறையையே மூடிட்டாரு."

தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரை மாட்டி, கயிற்றைச் சுண்டி இழுத்தான் பூபாலன். பட்டறையே அதிர்ந்தது. மோட்டாரின் தலையில் கையை வைத்துக்கொண்டு சாமியார் மாதிரி நின்றான். ஒரு பிளக்கின் வயரைப் பிடுங்கி மாட்டினான். அப்புறம் இன்னொன்றை. தேவி சற்றுத் தள்ளி, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

மோட்டாரை நிறுத்திவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினான். என்ன வேண்டும் என்று சொல்லவில்லை. பிளக் ஸ்பேனரை எடுத்து அந்தக் கையில் வைத்தாள் தேவி. மேலே இருந்த பிளக்குக்கு அவன் போனபோது தோளில் லேசாகத் தட்டினாள். அவன் கை கீழ் பிளக்குக்கு இறங்கியது.

கழற்றிப் பார்த்தால், அதன் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல்.

புது பிளக் போட்டு முறுக்கியதும், டிரம் தண்ணீர் பொங்கி வெளியே அடித்தது.

"பாத்தியா, கை வச்சே கண்டுபுடிச்சிட்டான்! பூபாலன்னா பூபாலன்தான்!" என்றார் அப்பா, நனைந்த வேட்டியோடு.

"அப்பா, ஸ்பேனர எடுத்துக் குடுத்ததே அந்தக்காதான்!"

"எடுத்துக் குடுக்கறதும் கழட்டறதும் ஒண்ணாம்மா? பொம்பள கையில யாராவது மோட்டாரக் குடுப்பாங்களா?"

லோடு ஆட்டோவுக்குச் சொல்ல, செல்போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடிக்கொண்டே தெருவுக்குப் போனார்.

பிரபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கக்கா இதெல்லாம் கத்துக்கிட்டீங்க?"

"எங்க கத்துக்கறது? கல்யாணத்துக்கு முன்னாடி செராமிக் கம்பெனியில, பீங்கான் சாமான் செய்யற எடத்துல இருந்தேன். சூளையிலேர்ந்து வர்ற சாமான ஒவ்வொண்ணா தட்டிப் பாக்கற வேல. ணங்குன்னா நல்லது. டொக்குன்னா விரிசல். அந்தப் பழக்கம், எதைக் கேட்டாலும் எங்க ஒதைக்குதுன்னு தெரிஞ்சிடுது."

போதாதா? பிரபா பூபாலன் பக்கம் திரும்பினாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு மோட்டார் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே, பலகையில 'பூபாலன் மோட்டார் ஒர்க்ஸ்'னு எழுதியிருக்குதே, இவங்க பேரு எங்க? எங்கப்பா பாராட்டுனாரே, 'நான் இல்லீங்க, இவதான்'னு ஒரு வார்த்த வந்துதா? கைய நீட்டுனா எடுத்துக் குடுக்க இவங்க என்ன எடுபிடியா?"

துடைக்கிற கை நிற்கவில்லை.

"அண்ணே, உங்களத்தான்!"

எதிரே போய் நின்றாள். நிமிர்ந்தவன், அவள் முகத்தைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான். மறுபடி துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

"திமிரப் பாருங்கக்கா! கேள்வி கேட்டா சிரிப்பாமே? இருங்க, இப்பவே அப்பாகிட்ட சொல்றேன். இங்க நெசமான மெக்கானிக் யாருன்னு ஊருக்கே தெரியட்டும்!"

வாசல்படியில் கால் வைத்தவளின் மணிக்கட்டைத் தேவி பிடித்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. பிடி மட்டும் இரும்பாக இருந்தது. தெருவில் அப்பா எங்கே நிற்கிறார் என்று ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"கத்தாத பாப்பா. நீ இவ்ளோ நேரம் திட்டுனதுல ஒரு வார்த்தகூட அவரு காதுல விழல. மூணு வருசமாச்சு. காது கேக்கலன்னு தெரிஞ்சா அவருகிட்ட யாரும் மோட்டார் குடுக்க மாட்டாங்க. பொம்பளன்னா எங்கிட்ட குடுக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் சேந்தாத்தான் உங்கப்பாவுக்கு ஒரு மெக்கானிக்கு."