காலியான பென்டிரைவ்

போர்வெல் முதலாளி குணசீலன் தன் கணினியில் பென்டிரைவைத் திறந்து சுகன்யாவிடம் காட்டினார்.

“பாரு சாமி, ஒண்ணுமே இல்ல. உங்கண்ணன் செத்தன்னைக்கு ரிக் வண்டி கேமரா ஓடவே இல்ல. வேணும்னா நீயே வெச்சுக்கோ.”

சுகன்யா அதை வாங்கிவந்து வீட்டு லினக்ஸ் கணினியில் செருகினாள். கோப்பின்மேல் மறைப்புக் குறி இருந்தால் விண்டோஸ் அதைக் காட்டாது. லினக்ஸ் அந்தக் குறியை மதிக்காது. பெயர் புள்ளியில் தொடங்கினால்தான் மறைக்கும். குணசீலனுக்கு இது தெரியாது.

ஒரே ஒரு வீடியோ இருந்தது. அண்ணன் செங்கோடன் ரிக்கில் குழாய் மாட்டிக்கொண்டிருந்தான். வீடியோவின் மூலையில் இன்றைய தேதி, இந்த நிமிடம்.

அவள் குணசீலனுக்குப் போன் போட்டாள். அவருக்குப் பின்னால் ரிக் இரைந்தது.

“செத்தும் எங்கண்ணன உடமாட்டியாடா?” என்று கத்தினாள்.

வீடியோவில் செங்கோடன் குழாயைக் கீழே வைத்துவிட்டு, அவள் குரல் வந்த பக்கம் திரும்பினான்.