சுத்தமான திரை

விமானம் மேகத்துக்குள் புகுந்ததும் ஜன்னலெல்லாம் வெள்ளையாகிவிட்டது. இனி இறக்கைக்கடியில் தொங்கும் குட்டி ரேடார்தான் கண். திரையைப் பார்த்த ஆராய்ச்சிக்காரி சட்டென்று தன் கோட்டுப் பையைத் துழாவினாள்.

"என்னம்மா, முகமெல்லாம் வெளிறிப் போச்சு?" என்றார் பைலட். "திரையில ஒரு பொட்டுகூட இல்ல. வழி சுத்தமா இருக்கு, நேரா விடுறேன்."

"வேண்டாண்ணே, திருப்புங்க."

"இத்தனை தடவை பறந்தவ, இப்பப் போய் பயப்படுறியே."

"நாம மேகத்துக்குள்ளதானே இருக்கோம்? அந்த மேகமாவது திரையில தெரியணும்ல?"

பைலட்டின் சிரிப்பு அடங்கியது.

அவள் கோட்டுப் பையை மறுபடியும் துழாவினாள். புறப்படும் முன் ரேடாரின் உள்ளங்கையளவு உலோக மூடியைக் கழற்றுபவர், தரையிறங்கும்வரை அதைப் பையில் வைத்திருப்பதுதான் வழக்கம்.

பை காலியாக இருந்தது.

"அண்ணே, மூடிய நான் கழட்டவே இல்ல."

முன்கண்ணாடியில் முதல் ஆலங்கட்டி மடாரென்று விழுந்தது.