எந்தப் பூ நல்லா வருது?

"இதுல எது நல்லா வருதுங்க?" என்று கேட்டார் தொப்பி போட்ட அந்த வெளியூர்க்காரர்.

பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றில், தேயிலை பட்டுப்போய்க் கைவிடப்பட்ட சரிவு அது. நிரஞ்சலாவும் அவள் கணவன் கஜேந்திரனும் கல்லெல்லாம் பொறுக்கிப்போட்டு, மூன்று நிறங்களில் கிளாடியோலஸ் கிழங்கு நட்டிருந்தார்கள். இனிக் கொழுந்து பறிக்கப் போகாமல் பூவை வைத்தே பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம்.

பதுளைக் கடைக்குப் பூ வாங்க வந்தவர்தான் என்று நிரஞ்சலாவுக்குச் சந்தோஷம்.

"செகப்பு முந்திப் பூக்குதுங்க, ஆனா தண்டு குட்டை. மஞ்சள் காத்துக்குச் சாஞ்சிடுது. வெள்ளை பிந்தித்தான் பூக்கும். ஆனா இடுப்பு உசரம் வருது, ஒரு தண்டுல அத்தனை மொட்டு! வெட்டி வச்சாலும் லேசுல வாடாது."

"இந்த மண்ணுலயா?"

"மண்ணு தங்கமுங்க!"

அவர் ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னத்துரையோடு திரும்பி வந்தார். கூட வந்த ஆட்கள் பாத்திகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள்.

"ஒண்ணும் வெளையாதுன்னுதான் இத விட்டு வச்சிருந்தோம்," என்றார் சின்னத்துரை. "இனிமே தோட்ட நிர்வாகமே இங்க வெள்ளைப் பூப் போடப் போகுது. இவருதான் அதுக்கு அதிகாரி."

கஜேந்திரன் மண்வெட்டியோடு அப்படியே நின்றான். "அப்ப நாங்க?"

தொப்பிக்காரர் நிரஞ்சலாவின் முகத்தைப் பார்க்காமல் சின்னத்துரையிடம் சொன்னார்:

"அந்தம்மாவுக்குப் பூவப் பத்தி நல்லாத் தெரியுது. நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வந்து, மத்த ஆளுங்களோட பேர் பதியச் சொல்லுங்க. நாள் கூலிக்குப் பூ வெட்டட்டும்."